கேட்பதற்கு ஆகும் செலவு

ராமநாதபுரம் மாவட்டத்து முதுகுளத்தூர் பக்கம், சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு சிறு அறக்கட்டளை இருக்கிறது. முழு நேரம் வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர். மாலையில் மட்டும் வந்து சொல்லிக்கொடுப்பவர்கள் ஐந்தாறு பேர், எல்லோரும் அந்தந்த ஊர்ப் பெண்கள். ஒரு நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். நிதிக்கு, அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணத்துக்குப் புரொப்போசல் போட வேண்டும், ஆங்கிலத்தில் எழுத ஆள் இல்லை என்று அதை நடத்தும் அக்கா கூப்பிட்டதால் போயிருந்தேன். இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை எட்டு நாள் இழுத்தது.

படிவத்தில் கேள்விகள் நிறைய. பயனாளிகளின் எண்ணிக்கை, ஆண் பெண் வாரியாக, வயது வாரியாக. தொடக்கநிலை ஆய்வுத் தரவு. மாற்றம் எப்படி நிகழும் என்பதற்கான கோட்பாடு, 1,500 எழுத்துக்குள். மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, டிரஸ்ட் பத்திரம், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி சான்றுகள், சி.எஸ்.ஆர். பணம் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண், அறங்காவலர்கள் ஒவ்வொருவரின் பான் அட்டை. ஆடிட்டர் ராமநாதபுரத்தில் இருந்தார். ஒரு கையெழுத்துக்காக மட்டும் இரண்டு முறை பஸ் ஏற வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் இரவு அக்கா சொன்னார்: “தம்பி, இவங்க கேக்குற எல்லாத்துக்கும் நம்மகிட்ட பதில் இருக்கு. ஆனா அவங்க கேக்குற மாதிரி இல்ல.”

அந்த எட்டு நாளும் அவர் பார்க்க வேண்டிய இரண்டு மையங்களுக்குப் போக முடியவில்லை. விண்ணப்பம் போனது. நான்கு மாதம் கழித்து இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை, எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்று எதுவும் அதில் இல்லை.

பணம் கொடுப்பவர்கள் நல்லெண்ணத்தோடு கொடுக்கிறார்கள், கேட்பவர்கள் நல்ல காரியத்துக்காகக் கேட்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஏராளமான உழைப்பு கரைகிறது. கரையும் உழைப்பில் பெரும்பங்கு, அதைத் தாங்கச் சக்தி குறைந்தவர்களுடையது. வீண்செலவு, பாரபட்சம் என்று இவற்றைத் தனித்தனியாகப் பேசுவது வழக்கம். என் கண்ணுக்கு இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றன: கேட்பதற்கு ஆகும் செலவைக் கொடுப்பவர் ஏற்பதில்லை. ஆகவே அது எவ்வளவு என்பதும் அவருக்குத் தெரிவதில்லை.

ஒரு கணக்கு

கற்பனைக் கணக்குதான், ஆனால் தொகைகள் நடப்பை ஒட்டியவை. ஒரு நிறுவனம் ஐந்து அமைப்புகளுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் தருவதாக அறிவிக்கிறது. மொத்தம் 25 லட்சம். 120 அமைப்புகள் விண்ணப்பிக்கின்றன. ஒவ்வொன்றும் எட்டு ஆள்நாள் செலவிடுகிறது. மாதம் 18,000 ரூபாய் வாங்கும் ஒருங்கிணைப்பாளரின் ஒரு நாள் உழைப்பை 700 ரூபாய் என்று வைப்போம். ஆடிட்டர் கட்டணம், பயணம், நகல் என்று அமைப்புக்கு 1,500 ரூபாய். ஆக ஓர் அமைப்புக்கு 7,100 ரூபாய், 120 அமைப்புக்கும் சேர்த்து 8 லட்சத்து 52 ஆயிரம். கொடுக்கப்போகும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, கொடுப்பதற்கு முன்பே போய்விட்டது. மொத்தம் 960 ஆள்நாள். மூன்று பேர் ஒரு வருடம் முழுக்க வேறெதுவும் செய்யாமல் விண்ணப்பம் மட்டும் எழுதியதற்குச் சமம்.

இந்த 8.52 லட்சம் கொடுக்கும் நிறுவனத்தின் எந்தக் கணக்கேட்டிலும் வராது. தன் பங்குக்கு அது ஓர் அதிகாரியின் சம்பளத்தையும் இணையதளச் செலவையும் எழுதிக்கொண்டு, 25 லட்சத்தைச் சிக்கனமாகப் பகிர்ந்துவிட்டதாகக் கணக்கு முடிக்கும். தோற்ற 115 அமைப்புகளின் செலவு வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. யாரோ ஒருவர் பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுத்த நன்கொடையிலிருந்து, அல்லது ஓர் ஊழியரின் சம்பளமில்லாத இரவுகளிலிருந்து.

தொகையைச் சிறியதாக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். அதே 120 பேர், அதே படிவம், ஆனால் தலா 1 லட்சம் என்று வையுங்கள். 24 பேரில் ஒருவருக்குக் கிடைக்கும் என்றால் ஓர் அமைப்பின் சராசரி எதிர்பார்ப்பு ஏறத்தாழ 4,170 ரூபாய்தான். அதற்கு 7,100 ரூபாய் செலவு. கொடுப்பது மொத்தம் 5 லட்சம், கேட்டதற்கு ஆனது 8.52 லட்சம். அந்த நிறுவனம் எதையும் அறிவிக்காமலே இருந்திருந்தால் தொண்டுத் துறையின் கையில் கூடுதல் பணம் இருந்திருக்கும். இப்படிச் சிறு தொகைக்கு நீண்ட படிவம் வைப்பவர்கள் உண்மையில் குறைவில்லை.

அறிவியல் ஆய்வு மானியத்தில் இந்தச் செலவை ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வுக் குழுவுக்கு 2012 இல் வந்த 3,727 விண்ணப்பங்களை எழுதுவதற்கு ஆய்வாளர்கள் செலவிட்ட நேரம் ஏறத்தாழ 550 உழைப்பாண்டுகள் என்று மறு ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஐந்தில் ஒன்றுக்குத்தான் நிதி கிடைத்தது. ஆய்வாளர்களுக்காவது பல்கலைக்கழகச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதுகுளத்தூர் அக்காவுக்கு அப்படி ஒன்று இல்லை.

யாரால் தாங்க முடிகிறது

எட்டு நாள் என்பது எல்லோருக்கும் எட்டு நாள் அல்ல. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் நடுத்தர அமைப்பில் நிதி திரட்டுவதற்கென்றே இருவர் இருப்பார்கள். போன தடவை எழுதியது கணினியில் இருக்கும். பெயரும் தொகையும் மாற்றினால் ஒன்றரை நாளில் முடியும். அவர்களுடைய ஆங்கிலம் படிப்பவருக்குப் பழகிய ஆங்கிலம். சி.எஸ்.ஆர். அதிகாரியை ஏதாவது ஒரு கருத்தரங்கில் பார்த்திருப்பார்கள். செலவு ஐந்தில் ஒரு பங்கு, வெற்றி வாய்ப்பு பல மடங்கு. கிடைத்த பணத்தில் இன்னொரு எழுத்தாளரை வேலைக்கு வைக்கலாம். அடுத்த வருடம் இடைவெளி இன்னும் அகலும்.

அந்த அமைப்புகள் மோசமானவை என்று நான் சொல்ல வரவில்லை, பலவும் அருமையான வேலை செய்கின்றன. ஆனால் படிவம் எதை அளக்கிறது? எழுதும் திறனை அளக்கிறது. களத்தில் வேலை செய்யும் திறனும் அதுவும் ஒரே இடத்தில் குடியிருக்க வேண்டும் என்று எந்த நியதியும் இல்லை. இருளர் குடியிருப்பில் சாதிச் சான்றிதழுக்காகத் தாசில்தார் அலுவலகத்தில் வருடக்கணக்கில் போராடி வாங்கித் தருபவர், அந்தப் போராட்டத்தை ‘விளைவுக் குறியீடுகள்’ என்ற பத்தியில் நிரப்பத் தெரியாதவராக இருக்கலாம். தலித் பெண்கள், பழங்குடியினர், மீனவப் பெண்கள் தாங்களே நடத்தும் அமைப்புகளில் இது இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. வேலையை மிக நெருக்கமாக அறிந்தவர்களுக்கும் பணம் பேசும் மொழிக்கும் நடுவில்தான் மிக நீண்ட தூரம்.

சட்டம் போட்ட பாதை

இந்தியாவில் இந்தத் தூரத்தைச் சட்டமும் சேர்ந்து அமைத்திருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135வது பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2021-22 இல் அப்படிச் செலவான தொகை 26,000 கோடி ரூபாய்க்கு மேல். தொண்டு நிறுவனங்கள் அதுவரை கண்டிராத அளவு பெரிய ஊற்று.

அந்த ஊற்று எங்கே பாய்கிறது? நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது சட்டம். அது கட்டாயம் அல்ல, வழிகாட்டல்தான் என்று அமைச்சகம் விளக்கமும் கொடுத்தது. இருந்தாலும் பணம் தொழிற்சாலையையும் தலைமை அலுவலகத்தையும் சுற்றியே நிற்கிறது. மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் பட்டியலின் மேலே இருக்கும், வடகிழக்கு மாநிலங்கள் அடியில் கிடக்கும். நம் மாநிலம் மேலே இருக்கிறது என்று மகிழ்வதற்கு முன் மாநிலத்துக்குள் பார்க்க வேண்டும். வளர்ச்சியில் பின்தங்கிய, முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று மத்திய அரசு 2018 இல் அடையாளம் கண்டவற்றில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு: விருதுநகர், ராமநாதபுரம். விருதுநகரிலாவது பட்டாசும் அச்சும் ஆலைகளும் உண்டு. ராமநாதபுரத்தில் அப்படிப் பெரிய தொழில் இல்லாததாலேயே அது பின்தங்கியது. அதே காரணத்தால் சி.எஸ்.ஆர். பணமும் அங்கே அருகிப்போகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஓரகடம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றுக்கும் சாயல்குடிப் பள்ளி ஒன்றுக்கும் போய்ப் பார்த்தால், வகுப்பறைச் சுவரில் எழுதியிருக்கும் நன்கொடையாளர் பெயர்களே இதைச் சொல்லிவிடும்.

2021 ஜனவரியில் சி.எஸ்.ஆர். விதிகள் திருத்தப்பட்டன. அந்த ஏப்ரல் முதல், பணம் பெற்று வேலை செய்யும் ஒவ்வோர் அமைப்பும் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிய வேண்டும். அதற்கு டிஜிட்டல் கையெழுத்தும் ஒரு கணக்காயர் அல்லது அவருக்கு இணையானவரின் சான்றும் வேண்டும். 12ஏ, 80ஜி இரண்டும் இருக்க வேண்டும். அதே வகை வேலையில் மூன்று ஆண்டு அனுபவமும் காட்ட வேண்டும். ஆனால் நிறுவனம் தானே ஓர் அறக்கட்டளை தொடங்கினால் இந்த மூன்றாண்டு நிபந்தனை அதற்கு இல்லை. நேற்று தொடங்கிய நிறுவன அறக்கட்டளை இன்றே பணத்தைக் கையாளலாம். ஊர்க்காரர்கள் கூடித் தொடங்கிய டிரஸ்ட் மூன்று வருடம் தன் சொந்தக் காலில் நின்று காட்ட வேண்டும். அந்த மூன்று வருடத்தை எந்தப் பணத்தில் ஓட்டுவது என்பதற்கு விதியில் பதில் இல்லை.

அதே சமயம் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், செலவாகாத தொகையைத் தனிக் கணக்குக்கோ அரசு நிதிக்கோ மாற்ற வேண்டும் என்று கறாராக்கியது. நோக்கம் நல்லது, நிறுவனங்கள் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. ஆனால் அதன் பக்கவிளைவு எல்லோருக்கும் தெரிந்த ‘மார்ச் எண்ட்’. ஜனவரி, பிப்ரவரியில் திடீரென்று அழைப்பு வரும்: “ஒரு வாரத்துக்குள்ள புரொப்போசல் அனுப்ப முடியுமா?” தயாராக எழுதி அலமாரியில் வைத்திருப்பவரால்தான் முடியும். அப்படிக் கிடைக்கும் பணமும் மார்ச் 31க்குள் செலவாகக்கூடிய பொருளாகவே இறங்கும்: கணினி, பெஞ்சு, குடிநீர் இயந்திரம். பிள்ளைக்குப் படிக்கச் சொல்லித்தருபவரின் சம்பளம் அந்த அவசரத்துக்குள் அடங்காது.

5 சதவீதம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு எண் செய்திருக்கும் சேதம் பெரிது. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி சொல்வது நிறுவனத்தின் சொந்தப் பொது நிர்வாகச் செலவைப் பற்றி. தொண்டு அமைப்பின் அலுவலக வாடகையைப் பற்றியோ கணக்காளரின் சம்பளத்தைப் பற்றியோ அது பேசவில்லை. ஆனால் ஒப்பந்தங்களில் அந்த 5 சதவீதம் அப்படியே கீழே இறங்கி அமைப்புகளின் தலையில் அமர்ந்துவிட்டது. பிரிட்ஜ்ஸ்பான் ஆலோசனை அமைப்பு இந்தியத் தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைப் பார்த்தபோது, மறைமுகச் செலவு அமைப்புக்கு அமைப்பு 5 முதல் 51 சதவீதம் வரை வேறுபட்டது. மலைக்கிராமத்துக்கு ஜீப்பில் போகும் அமைப்புக்கும் நகரத்தில் இணைய வகுப்பு நடத்தும் அமைப்புக்கும் ஒரே அளவுகோல் எப்படிப் பொருந்தும்?

விண்ணப்பம் எழுதுவதும் மறைமுகச் செலவுதான். பணம் கிடைப்பதற்கு முன் நடந்த வேலை என்பதால் வெற்றி பெற்றவர்கூட அதை பட்ஜெட்டில் போட முடியாது. ஒவ்வொரு புரொப்போசலும் அதற்கு முந்தைய புரொப்போசலின் மிச்சத்திலோ, மிச்சமில்லாதபோது ஊழியரின் உடம்பிலோதான் எழுதப்படுகிறது.

அறுந்துபோன கயிறு

சிறு அமைப்புகள் இதையெல்லாம் தாண்டி முன்பு எப்படிப் பிழைத்தன? அவற்றுக்கு ஒரு கயிறு இருந்தது. வெளிநாட்டு நன்கொடை பெறும் பெரிய அமைப்பு ஒன்று ஆங்கிலத்தில் எழுதி, அறிக்கை கொடுத்து, தணிக்கை முடித்து, பணத்தை வாங்கும். பிறகு கிராமத்தில் இருக்கும் பத்துப் பதினைந்து சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். சிறியவர்கள் பெரியவருக்குத் தமிழில் கணக்குச் சொன்னால் போதும். மனக்கசப்புகளும் அதிகாரப் போக்குகளும் அந்த ஏற்பாட்டில் இருந்தன. ஆனாலும் படிவத்தின் பாரத்தைத் தாங்கத் தெரிந்தவர் தாங்கினார்.

2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், எல்லோரும் எஃப்.சி.ஆர்.ஏ. என்று சொல்வது, திருத்தப்பட்டது. வாங்கிய வெளிநாட்டு நிதியை வேறு அமைப்புக்கு மாற்றுவது முற்றிலும் தடைசெய்யப்பட்டது. மறு அமைப்பிடம் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருந்தாலும் கூடாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. எல்லா அமைப்பும் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் கணக்குத் தொடங்க வேண்டும் என்றானது. நிதியை மாற்றக் கூடாது என்ற தடையும் ஒரே கிளை விதியும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சொன்னது. சிறு அமைப்பு தானே பதிவு வாங்கலாமே என்று கேட்கலாம். அதற்கு மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாயைத் தன் முக்கியப் பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும். முதல் 15 லட்சம் எங்கிருந்து வரும்?

வருமான வரிப் பக்கமும் கயிற்றை அறுத்தது. 2023 நிதிச் சட்டம், ஓர் அறக்கட்டளை இன்னொன்றுக்குக் கொடுக்கும் நன்கொடையில் 85 சதவீதத்தை மட்டுமே அறப்பணிக்குச் செலவானதாக ஏற்கும் என்றது. பெரியவர் சிறியவருக்குக் கொடுப்பதற்கே ஒரு தண்டம் போல. முன்பு ஒருமுறை வாங்கினால் நிலைத்திருந்த 12ஏ, 80ஜி பதிவுகள் 2020 நிதிச் சட்டத்துக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியவை ஆயின. 2025 பட்ஜெட்டில் சிறிய அறக்கட்டளைகளுக்கு 12ஏ பதிவு மட்டும் பத்தாண்டு என்று தளர்த்தப்பட்டது, அந்த வரைக்கும் நிம்மதி.

கொடுப்பவர் தரப்பு

இத்தனை கெடுபிடிக்கு ஒரு காரணம் உண்டு, அதை மறைத்துப் பேசுவது நியாயம் இல்லை. 2015 இல் சி.பி.ஐ. உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்த கணக்குப்படி நாட்டில் பதிவாகியிருந்த தொண்டு நிறுவனங்கள் சுமார் 31 லட்சம். அவற்றில் பத்தில் ஒன்றுகூடத் தன் வரவு செலவைத் தாக்கல் செய்திருக்கவில்லை. லெட்டர்பேடு மட்டும் வைத்திருக்கும் டிரஸ்டுகளை நம் மாவட்டங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அடுத்தவர் பணத்தைக் கையாளும் அதிகாரி ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் ஜாக்கிரதையும் நீண்ட படிவமும் ஒன்றல்ல. லெட்டர்பேடு டிரஸ்டை நடத்துபவருக்குப் படிவம் நிரப்ப நன்றாகவே வரும், அவருடைய தொழிலே அது. போலியைக் கண்டுபிடிக்க ஒரு நாள் நேரில் போய்ப் பார்ப்பது போதும். அந்த ஒரு நாள் கொடுப்பவரின் செலவு, படிவமோ கேட்பவரின் செலவு. அதனால்தான் படிவம் வளர்கிறது, பயணம் சுருங்குகிறது. இன்னொன்று, கேட்கப்படும் ஆவணங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே அரசிடம் இருக்கின்றன. தணிக்கை அறிக்கை வருமான வரித் துறையிடம், பதிவு விவரம் கம்பெனி விவகார அமைச்சகத்திடம், அறங்காவலர் பெயர்கள் தொண்டு அமைப்புகள் பதியும் நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில். இருபது நிறுவனங்கள் அதே காகிதத்தை இருபது தனித்தனி வடிவில் மறுபடி கேட்கின்றன.

வேறு வழிகள்

சுனாமிக்குப் பிந்தைய நாகப்பட்டினம் எனக்கு இந்த இடத்தில் நினைவு வருகிறது. 2004 டிசம்பர் 26க்குப் பின் அங்கே பணத்துக்குப் பஞ்சம் இல்லை, உதவ வந்த அமைப்புகள் ஏராளம். ஆனாலும் சாலையோரத்தில் கண்ணில் பட்ட மீனவக் குப்பங்களுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக உதவி குவிந்தது. வேலை இழந்த தலித் விவசாயக் கூலிகளுக்கும் இருளர்களுக்கும் பிந்தியே வந்தது, சிலருக்கு வரவே இல்லை. அப்போது சினேகா என்ற உள்ளூர் அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை நிறுவின. எந்த ஊருக்கு என்ன தேவை, யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்ற தகவலை ஒரே இடத்தில் திரட்டின. எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் தேவையைக் கண்டறிந்து எடுத்துச் சொல்லும் செலவை ஒவ்வொரு ஊரும் தனித்தனியாகச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வேலைக்கு ஒரு பொது இடம் இருந்தது. சாதாரண நாட்களுக்கு மாவட்டந்தோறும் அப்படி ஓர் இடம் ஏன் இல்லை என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஒரு முறை சரிபார்த்த ஆவணங்களை எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

அமெரிக்கக் கோடீஸ்வரர் மெக்கன்சி ஸ்காட் எதிர்முனைக்குப் போனார். விண்ணப்பமே கேட்காமல், இதற்குத்தான் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தார். 2021 இல் அவர் அறிவித்த பட்டியலில் டெல்லியின் கூன்ஜ் போன்ற இந்திய அமைப்புகளும் இருந்தன. விண்ணப்பச் செலவு பூஜ்யம். ஆனால் கண்ணுக்குத் தெரியாதவர் அந்தப் பட்டியலுக்குள் எப்படி வர முடியும் என்ற கேள்வி எழுந்தது. 2023 இல் அமெரிக்க அமைப்புகளுக்கு ஒரு பொது அழைப்பு விட்டார். 6,353 விண்ணப்பங்கள் வந்தன. விண்ணப்பித்தவர்களே ஒருவர் மற்றவருடையதைப் படித்து மதிப்பெண் இட்டார்கள். 250 பேருக்குத் தர இருந்தவர், கடைசியில் 361 பேருக்கு 64 கோடி டாலர் கொடுத்தார். மனதாரப் பாராட்டலாம். அப்படியும் ஏறத்தாழ 6,000 அமைப்புகள் வெறுங்கையோடு திரும்பின. ஆண்டுக்குக் குறைந்தது 10 லட்சம் டாலர் பட்ஜெட் உள்ள அமைப்புகள்தான் விண்ணப்பிக்கவே முடிந்தது.

சில ஆய்வு நிதியமைப்புகள் சீட்டுக் குலுக்கலுக்கு வந்திருக்கின்றன. நியூசிலாந்தின் சுகாதார ஆய்வுக் குழு 2013 இல் ஒரு வகை மானியத்துக்கும், பிரிட்டிஷ் அகாதெமி 2022 இல் சிறு மானியங்களுக்கும், தகுதி பார்த்துத் தேறியவர்களிடையே குலுக்கிப்போட்டுத் தேர்ந்தெடுக்கத் தொடங்கின. 60 மதிப்பெண்ணுக்கும் 62க்கும் நடுவே எவர் உயர்ந்தவர் என்று நடுவர்களால் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொண்டதன் விளைவு இது. தேறினால் போதும், பளபளப்பு வேண்டியதில்லை என்று ஆனபின் எட்டு நாள் எழுதவும் தேவை இல்லை.

நமக்கு இது புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலத்தது, ஏறத்தாழ 920, குடவோலை முறையை விரிவாகச் சொல்கிறது. முதலில் தகுதி பார்த்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவர் உறவினர் பெயரும் ஓலையில் ஏறாது. அதன்பின் குடத்திலிருந்து ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். கணக்குக் காட்டாதவரை வடிகட்டி, மிஞ்சியவரிடையே பாரபட்சம் நுழையாமல் பார்த்துக்கொண்ட ஏற்பாடு. அதே கல்வெட்டு இன்னொன்றையும் காட்டுகிறது. அது பிராமணர் ஊர்ச் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களின் பெயர்தான் குடத்துக்குள் போனது. அந்த நிலத்தில் உழுதவர்களுக்கு ஓலையே இல்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், குடத்துக்குள் யார் பெயர் போகிறது என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. இன்று அந்தக் குடத்தின் வாயில் ஆங்கிலமும் டிஜிட்டல் கையெழுத்தும் மூன்றாண்டுத் தணிக்கையும் நிற்கின்றன.

உடனடியாகச் செய்யக்கூடியவை எளியவை. முதல் கட்டத்தில் இரண்டு பக்கம் மட்டும் கேட்கலாம், அதையும் தமிழில் வாங்கலாம், எழுத வராதவர் பேசி அனுப்பிய ஒலிப்பதிவையும் ஏற்கலாம். ஆவணங்களை இறுதிச் சுற்றுக்கு வந்த பத்துப் பேரிடம் மட்டும் கேட்டால் போதும். இறுதிச் சுற்றில் தோற்பவர்களுக்கு அவர்கள் செலவிட்ட நாட்களுக்காக ஒரு சிறு தொகை கொடுக்கலாம். அப்படிக் கொடுக்க ஆரம்பித்தால்தான் நிறுவனத்துக்கே தன் படிவத்தின் விலை தெரியும். மேலும், கடந்த ஆண்டு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று படிவத்தின் முதல் வரியிலேயே அச்சிடலாம். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

சென்ற ஜனவரியில் அக்காவுக்கு மறுபடி ஓர் அழைப்பு வந்தது, வேறொரு நிறுவனத்திலிருந்து. பத்து நாளில் புரொப்போசல் வேண்டும். அக்கா போனில் கேட்டார்: “போன வருசம் எத்தனை பேரு போட்டாங்க சார், எத்தனை பேருக்குக் குடுத்தீங்க?” அந்த விவரம் வெளியில் சொல்வதில்லை என்றார்கள். அக்கா அன்று மாலை என்னைக் கூப்பிட்டு, இந்தத் தடவை வர வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டு, மையத்துக்குக் கிளம்பிவிட்டார்.